விரல்நுனியில் 98, உள்ளே எவ்வளவு?

செட்டிநாட்டு வீடுகளில் சுகர் பார்க்கும் கருவியும் பிரஷர் பார்க்கும் கருவியும் இருக்கிற அலமாரியில், 2021க்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். கொரோனா இரண்டாம் அலையில் கடைகடையாக ஏறி இறங்கி, சொன்ன விலைக்கு வாங்கியது. இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால் கை முதலில் அதைத்தான் தேடுகிறது. 98 காட்டினால் நிம்மதி. 90க்குக் கீழே போனால் காரைக்குடிக்கு வண்டி.

அந்த எண்ணில் பெரும்பாலும் தப்பு இருக்காது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்கிற அர்த்தத்தில்தான் சிக்கல். ஒரே வீட்டில் இரண்டு பேரை வைத்துக் கணக்குப் போடுவோம். ஒருவர் எழுபது வயது ஆச்சி. காலமெல்லாம் விறகடுப்பில் சமைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். சாச்சுரேஷன், அதாவது ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் சதவீதம், 88. ஹீமோகுளோபின் 14, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 14 கிராம். இன்னொருத்தி கல்லூரிக்குப் போகும் பேத்தி. சாச்சுரேஷன் 98, ஹீமோகுளோபின் 7. ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுதாக நிறைந்தால் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்சிஜன் பிடிக்கும். பெருக்கிப் பாருங்கள். ஆச்சியின் 100 மில்லி ரத்தத்தில் 16.5 மில்லி ஆக்சிஜன். 98 காட்டுகிற பேத்தியிடம் 9.2 மில்லிதான். வீட்டில் எல்லோரும் ஆச்சியைச் சுற்றி நிற்கிறார்கள்; மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க உட்காரும் பேத்தியை ‘சரியா சாப்பிடறதில்ல’ என்று திட்டுகிறார்கள்.

7 என்பது கடுமையான சோகை. 9, 10 என்று நடமாடுகிறவர்கள் ஏராளம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. சரிபாதிக்கு மேல்.

இது முதல் பாதிக் கதை. இரண்டாம் பாதிதான் எனக்கு இன்னும் சுவாரசியமானது. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதோடு விஷயம் முடியாது, அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். செட்டிநாட்டுக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிமீட்டர் சொல்வது, ஒவ்வொரு வாளியும் எந்த அளவுக்கு நிறைந்திருக்கிறது என்பதை. வாளிகள் எத்தனை என்பது ஹீமோகுளோபின். பரிமாறுகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்பது இதயம். இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டி சாய்கிறதா என்ற நான்காவது ஒன்று இருக்கிறது. அதை எந்த வீட்டுக் கருவியும் காட்டாது. அது சிவப்பணுவுக்குள் நடக்கும் வேதியியல்.

ஹீமோகுளோபின் மூலக்கூறு நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு அணு. ஒவ்வோர் இரும்புக்கும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு. நான்கும் தனித்தனியாக வேலை செய்திருந்தால் நாம் உயிரோடு இருக்க மாட்டோம். முதல் ஆக்சிஜன் ஏறுவது கடினம். அது ஏறியதும் மூலக்கூறின் வடிவமே சற்று மாறி, அடுத்தவை எளிதாக ஏறுகின்றன. இறங்கும்போதும் அப்படித்தான், ஒன்று இறங்கினால் மற்றவற்றின் பிடி தளர்கிறது. ஆக்சிஜன் இறங்கிய இறுக்கமான வடிவம், ஆக்சிஜன் ஏறிய தளர்வான வடிவம் என்று இரண்டு நிலைகளுக்கு இடையே அது மாறி மாறி அசைவதை எக்ஸ்-கதிர் படங்களால் காட்டியவர் மாக்ஸ் பெரூட்ஸ். 1962இல் நோபல் பரிசு பெற்றவர். இந்தக் கூட்டுவேலையால்தான் ஆக்சிஜன் அழுத்தத்தையும் சாச்சுரேஷனையும் வரைபடமாகப் போட்டால் நேர்கோடு வராமல் ஆங்கில எஸ் எழுத்துப் போல ஒரு வளைவு வருகிறது.

அந்த வளைவின் மேல்பகுதி கிட்டத்தட்டத் தட்டை. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 95 மி.மீ. பாதரசத்திலிருந்து 60க்கு இறங்கினாலும் சாச்சுரேஷன் 97இலிருந்து 90க்குத்தான் வரும். அதற்குக் கீழே செங்குத்துச் சரிவு. 90 என்ற எண்ணைப் பார்த்து மருத்துவர்கள் பதறுவதற்குக் காரணம் இந்தச் சரிவுதான். வளைவு எங்கே நிற்கிறது என்பதைக் குறிக்க ஓர் அளவு உண்டு. பாதி ஹீமோகுளோபின் நிறைந்திருக்கும்போது ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு? இதை பி50 என்பார்கள். சாதாரணமாக 26, 27 மி.மீ. இது கூடினால் ஹீமோகுளோபின் கை தளர்ந்திருக்கிறது, எளிதில் விடும். குறைந்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கையைத் தளர்த்துவது எது? முதல் விடை 1904இல் கோபன்ஹேகனில் கிடைத்தது. கிறிஸ்டியன் போர், தன் கூட்டாளிகள் ஹாசல்பால்ச், க்ரோ ஆகியோருடன் சேர்ந்து, கார்பன் டை ஆக்சைடு கூடினால் ரத்தம் ஆக்சிஜனை எளிதில் விடுகிறது என்று காட்டினார். (அணுவின் அமைப்பைச் சொன்ன நீல்ஸ் போரின் அப்பா இவர்.) உழைக்கும் தசையில் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, அமிலம் கூடுகிறது, சூடு கூடுகிறது, மூன்றுமே கையைத் தளர்த்தும். கேட்கிற இடத்தில் தானாகவே அதிகம் இறங்குகிறது. நுரையீரலுக்குத் திரும்பியதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, பிடி இறுகுகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது. இதற்கென்று தனி உத்தரவு யாரும் போட வேண்டியதில்லை.

கொரோனா காலத்தில் 82, 84 என்று வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தவர்களை நினைவிருக்கும். ‘வைரஸ் ஹீமோகுளோபினையே உடைக்கிறது’ என்று அப்போது வாட்ஸப்பில் சுற்றியது ஆதாரமில்லாத கதை. மூச்சுத்திணறல் என்ற உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் கூடிப்போன கார்பன் டை ஆக்சைடுதான். அவர்கள் வேகமாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் திணறல் தெரியவில்லை. கார்பன் டை ஆக்சைடு குறைந்ததால் வளைவு இறுக்கத்தின் பக்கம் நகர்ந்து, உண்மையான ஆக்சிஜன் அழுத்தம் இறங்கிய அளவுக்கு எண்ணும் இறங்கவில்லை.

இரண்டாம் விடை வர இன்னும் அறுபது வருடம் ஆனது. சிவப்பணுவுக்குள் 2,3-பிஸ்பாஸ்போகிளிசரேட் என்று ஒரு சின்ன மூலக்கூறு இருக்கிறது. மருத்துவர்கள் வழக்கில் டிபிஜி. அது அங்கே கொட்டிக் கிடப்பது பல காலமாகத் தெரியும். எதற்கு என்றுதான் புரியாமல் இருந்தது. 1967இல் ரெய்ன்ஹோல்ட் பெனேஷ், ரூத் பெனேஷ் தம்பதியும், தனியாகச் சானூட்டின், கர்னிஷ் என்ற இருவரும் விடை கண்டார்கள். ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபினின் நடுவில் ஒரு குழி விரிகிறது. டிபிஜி அதில் சரியாகப் போய் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் மூலக்கூறு அந்த இறுக்கமான வடிவத்திலேயே நிற்கும், ஆக்சிஜன் மறுபடி எளிதில் ஒட்டாது. (இறுகுவது மூலக்கூறின் வடிவம்; ஆக்சிஜன் மேலுள்ள பிடி தளரத்தான் செய்கிறது.) ஆக, டிபிஜி கூடினால் இறக்குவது எளிது. சிவப்பணுவில் ஹீமோகுளோபினும் டிபிஜியும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கின்றன. தற்செயலாக அமைகிற விகிதம் அல்ல இது.

இதை யார் தயாரிக்கிறார்கள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிவப்பணுவுக்குக் கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. உடம்பெல்லாம் ஆக்சிஜனைச் சுமந்து திரிகிற அணு, அதில் ஒரு துளியைக்கூடத் தன் எரிபொருளுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. குளுக்கோஸைப் பாதியில் உடைத்துத்தான் சுமார் 120 நாள் காலம் தள்ளுகிறது. அப்படி உடைக்கும் வழியில் ஒரு கிளைப்பாதை பிரிகிறது. அதில் போனால் ஆற்றல் கொஞ்சம் நஷ்டம். கைக்கு டிபிஜி கிடைக்கும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் நெடுநாள் குறைந்திருக்கும் நோயாளியிடம் இந்தக் கிளைப்பாதை சுறுசுறுப்பாகிறது. சோகையிலும் அப்படியே, கர்ப்ப காலத்திலும் அப்படியே. ஹீமோகுளோபின் 7 வைத்துக்கொண்டு அந்தப் பேத்தி கல்லூரிக்குப் போய்வருவதன் ரகசியம் இதில் பாதி. இதயம் வேகமாக அடிப்பது மீதி. கணக்காகச் சொன்னால், பி50 26.6இலிருந்து 30க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலில் ஏறுவதில் ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி நஷ்டம். திசுக்களில் இறங்குவதில் ஆறேழு புள்ளி லாபம். ஓய்வாக இருக்கும்போது உடம்பு எடுப்பதே இருபத்தைந்து புள்ளி என்பதால் இது கணிசமான லாபம்.

இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. நுரையீரலே ஆக்சிஜனை 95 மி.மீ.க்குப் பதில் 50 மி.மீ. அழுத்தத்தில்தான் தருகிறது என்றால், கை தளர்ந்த ஹீமோகுளோபின் ஏற்றும் இடத்திலேயே ஐந்து புள்ளியை விட்டுவிடும். இறக்கும் இடத்தில் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். சோகை உள்ளவருக்கு நன்மை செய்கிற ஏற்பாடு, கடுமையான நுரையீரல் நோயாளிக்கு அவ்வளவாக உதவாமல் போவது இதனால்தான். பல புத்தகங்கள் ‘ஆக்சிஜன் குறைந்தால் டிபிஜி கூடும், உடல் சமாளித்துக்கொள்ளும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. எந்த வகைக் குறைவு என்று கேட்காமல் அந்த வரியை நம்பக்கூடாது.

காரைக்குடியிலிருந்து முக்திநாத் போய்வருகிற யாத்திரைக் குழுக்கள் இதை நேரில் அனுபவிக்கின்றன. அங்கே உயரம் 3,700 மீட்டருக்கு மேல், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலாகக் குறைவு. போன முதல் சில மணி நேரத்தில் கைகொடுப்பது வேகமான மூச்சும் வேகமான இதயமும். டிபிஜி கூட ஓரிரு நாள் ஆகும். அங்கேயே வாழ்கிற உயிர்கள் வேறு வழியைப் பிடித்தன. இமயத்தைத் தாண்டி நம் ஊர்ப்பக்கம், கூந்தன்குளத்துக்கு வலசை வருகிற வரித்தலை வாத்தின் ஹீமோகுளோபினில் அமினோ அமிலங்கள் மாறி, ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும்படி அமைந்திருக்கிறது. அவ்வளவு உயரத்தில் முதலில் ஏற்றுவதுதான் பிரச்சினை, இறக்குவது அப்புறம். வயிற்றிலுள்ள சிசுவும் அதே கட்சி. அதன் ஹீமோகுளோபினில் டிபிஜி சரியாக ஒட்டாது, அதனால் தாயின் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள முடிகிறது.

இனி அந்த ஆச்சிக்கு வருவோம். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்குச் சிகரெட்டே காரணம் என்று ஊரில் நினைப்பு. வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்களுக்கும் அது வருகிறது, அடுப்புப் புகையால். கூடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகிற செட்டிநாட்டு வீட்டிலும் கடைசிக்கட்டு அடுப்படியின் சுவரும் கூரையும் கரியேறித்தான் கிடக்கும்.

இப்படி ஒரு வீட்டில் வழக்கமாக நடப்பது இது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது. மகன் சென்னையிலிருந்து நேற்றுத்தான் வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் குமிழைக் குனிந்து பார்க்கிறார்.

“அண்ணே, டாக்டர் ஒண்ணுலதானே வைக்கச் சொன்னாங்க? அஞ்சுல இருக்கு?”

“எண்பத்தொம்பதுன்னு காட்டுச்சு சிஸ்டர். கூட்டி வச்சேன். இப்ப பாருங்க, தொண்ணூத்தேழு.”

“ஆச்சி… ஆச்சி, கண்ணைத் தொறங்க. இது யாருன்னு சொல்லுங்க?”

ஆச்சி முனகுகிறார். கை சூடாக இருக்கிறது, நாடி துள்ளுகிறது, கையை நீட்டச் சொன்னால் விரல்கள் படபடக்கின்றன. ஆத்தா ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கினார் என்று மகனுக்குச் சந்தோஷம். அது தூக்கம் இல்லை. கார்பன் டை ஆக்சைடு கூடி வந்த மயக்கம்.

எண் ஏறியிருக்கும்போது ஆள் ஏன் சரிகிறார்? கிறிஸ்டியன் போர் சொன்னதின் மறுபக்கம் இங்கே வேலை செய்கிறது. ஆக்சிஜன் ஏறினால் ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள கார்பன் டை ஆக்சைடை உதறிவிடும். இதை 1914இல் கிறிஸ்டியான்சன், டக்ளஸ், ஹால்டேன் மூவரும் காட்டினார்கள். ஹால்டேன் விளைவு என்று பெயர். நல்ல நுரையீரல் என்றால் உதறியதை ஒரு மூச்சில் வெளியே தள்ளிவிடும். ஆச்சியின் நுரையீரலால் முடியாது. அதற்கு மேல் இன்னொன்று. கெட்டுப்போன, காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு ரத்தம் வீணாகப் போகாதபடி உடம்பு அங்குள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருந்தது. திடீரென்று வந்த ஆக்சிஜன் அந்தச் சுருக்கத்தை அவிழ்த்துவிடுகிறது, ரத்தம் கெட்ட இடத்துக்கே பாய்கிறது. ‘ஆக்சிஜன் குறைவால்தான் இவர்களுக்கு மூச்சே ஓடுகிறது, கொடுத்தால் மூச்சு நின்றுவிடும்’ என்று பழைய பாடத்தில் சொன்னது இந்தக் கதையில் சிறிய பங்குதான்.

ஆகவே இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இலக்கு 98 அல்ல, 88 முதல் 92. டாஸ்மேனியாவில் 405 பேரிடம் ஆம்புலன்ஸிலேயே செய்து 2010இல் வெளியான ஆய்வில், வழக்கப்படி அதிக அளவில் ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88–92 என்று அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம். அதற்காகப் பயந்துபோய் ஆக்சிஜனை நிறுத்துவது இன்னும் பெரிய தப்பு. நாள்பட்ட கடுமையான குறைவுக்கு ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது குறைந்த அளவில் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்பது 1980, 81இல் வந்த இரண்டு ஆய்வுகளிலேயே தெளிவானது. ‘மூச்சு வாங்கும்போது மட்டும் போட்டுக்கிறேன்’ என்பது வைத்தியம் ஆகாது.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து. மூட்டத்துப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக இரும்பில் ஒட்டும். நான்கு இடத்தில் ஒன்றிரண்டை அது பிடித்துக்கொண்டால், மீதி இடங்களில் இருக்கிற ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் விடாது. பாதி ஹீமோகுளோபின் இல்லாத சோகை நோயாளியைவிட, பாதி ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு பிடித்தவர் மோசமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. விரலில் மாட்டும் கருவி சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டை வைத்துக் கணிப்பது. கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தமும் அதன் கண்ணுக்குச் செக்கச்செவேல் என்றுதான் தெரியும், 97, 98 என்று காட்டும். மூட்டத்தடியில் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்றால் எண்ணைப் பார்க்காமல் ஆளை வெளியே இழுத்து, ஆஸ்பத்திரியில் முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். வெறும் காற்றில் அந்த விஷம் பாதியாக ஐந்து மணி நேரம் போல ஆகும், முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

கறுத்த தோலில் இந்தக் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது என்பதும் 2020இல் அமெரிக்க ஆய்வொன்றில் வெளிப்பட்டது. கருவி 92–96 காட்டியபோதே உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள், கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6. நம் நிறத்துக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல.

சந்தேகம் வந்தால் மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களை நேரடியாக அளக்கும் ஏபிஜி சோதனை பார்ப்பார்கள். அந்த எந்திரத்தில் ஆக்சிஜனை அளப்பதற்கென்று 1950களில் லேலண்ட் கிளார்க் வடிவமைத்த மின்முனை, சுத்தமான மின்வேதியியல். மெல்லிய படலத்துக்குப் பின்னால் ஒரு பிளாட்டினம் முனை. படலத்தைத் தாண்டி வரும் ஆக்சிஜன் அதில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள, ஓடும் மின்னோட்டமே அளவு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டி எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கடந்து தினமும் பஸ்ஸில் போகிற காரைக்குடிக்காரர்களுக்கு, தங்கள் ஊர்ப் படிப்புக்கும் ஐசியூ எந்திரத்துக்கும் உள்ள இந்த உறவு தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

ரத்தம் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? ரத்த வங்கியில் 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்த சிவப்பணுக்களில் இரண்டு வாரத்துக்குள் டிபிஜி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஏற்றியதும் ஹீமோகுளோபின் எண் உடனே கூடும். ஆனால் வந்த அணுக்கள் இறுக்கிப் பிடிப்பவை. உடம்புக்குள் அவை டிபிஜியை மறுபடி தேற்றிக்கொள்ள ஒன்றிரண்டு நாள் ஆகும். அப்படியானால் புது ரத்தம்தான் நல்லது என்று வேதியியல் சொல்லும். 2015, 2016இல் வந்த பெரிய ஆய்வுகளில் புது ரத்தம் பெற்றவர்களுக்கும் பழைய ரத்தம் பெற்றவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ‘இன்னிக்கு எடுத்த ரத்தம்தான் வேணும்’ என்று வங்கி வாசலில் சண்டை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

டிபிஜி தயாரிக்கப் பாஸ்பேட் வேண்டும் என்பதும் அதிகம் பேசப்படாத சங்கதி. சர்க்கரை கட்டுமீறி ரத்தம் அமிலமாகிப் படுத்தவர்களிடம் டிபிஜியும் பாஸ்பேட்டும் குறைந்துகிடக்கும். அமிலம் கையைத் தளர்த்துவதால் அந்தக் குறை வெளியே தெரியாது. அமிலத்தை அவசரமாகச் சோடா உப்பு ஊசியால் மாற்றினால், தளர்த்தியது போய் இறுக்கம் மட்டும் மிஞ்சும். அதனால்தான் மருத்துவர்கள் அந்த ஊசிக்கு அவசரப்படுவதில்லை.

பிடியை மருந்தால் மாற்ற முடியுமா என்றும் பார்த்தார்கள். நீலகிரிப் பழங்குடிகளிடமும் இருப்பதாக 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் கண்டறிந்த அரிவாள் செல் நோயில், ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின்தான் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அணுவை வளைக்கிறது. ஆக, அங்கே இறுக்கிப் பிடித்தால் நல்லது என்று தோன்றியது. வாக்ஸிலோடார் என்ற மருந்து அப்படி இறுக்கியது, அணுக்கள் உடைவது குறைந்து ஹீமோகுளோபின் ஒரு கிராம் கூடியது. அந்த எண்ணை வைத்தே 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024 செப்டம்பரில், மருந்து எடுத்தவர்களிடம் வலித் தாக்குதல்களும் மரணங்களும் கூடுதலாகத் தெரிவதாகச் சொல்லி, தயாரித்த நிறுவனமே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது.